மெராப்பிக்கு இரண்டு தாத்தாக்கள்

2010-இல் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் மெராப்பி எரிமலை வெடிக்கப் போகிறது என்று விஞ்ஞானிகள் சொல்லியும் நகராமல் உட்கார்ந்து செத்துப்போன 'மூடநம்பிக்கைக் கிழவர்' கதை மறுபடியும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. எனக்கு மட்டும் மூன்று குழுக்களில் வந்துவிட்டது. கீழே வழக்கம்போல சிரிப்பு பொம்மைகள். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

அந்தக் கிழவர் பெயர் மாரிஜன். ஜாவாக்காரர்கள் 'ம்பா மாரிஜன்' என்பார்கள். ம்பா என்றால் தாத்தா. யோக்யகர்த்தா சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ அவரை மெராப்பி மலையின் காவலராக நியமித்திருந்தார். வருடா வருடம் அரண்மனை சார்பில் மலைக்குப் படையல் கொண்டுபோவது அவர் பொறுப்பு. 2006-இல் மலை பொங்கியபோது ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள், அவர் அசையவில்லை. அடுத்த சுல்தானே சொல்லியும் "என்னை வைத்தவர் பழைய ராஜா" என்கிற ரீதியில் மறுத்துவிட்டார். மலையும் அவர் இருந்த கினாரெஜோவைத் தொடவில்லை. நாடே கொண்டாடியது, சத்துப்பான விளம்பரத்தில்கூட நடித்தார்.

ஃபார்வர்டில் வராத சங்கதி ஒன்று உண்டு. அதே 2006 ஜூன் 13 அன்று, மலை அடங்கிவிட்டதென்று எச்சரிக்கையை ஒரு படி இறக்கினார்கள். மறுநாளே சுடுமேகம் (கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்து சரிவில் பாய்ந்து வருவது) இறங்கியது. காலிஆடெம் என்ற இடத்தில் நிலத்தடிப் பதுங்கறைக்குள் ஓடி ஒளிந்த இரண்டு பேர் உள்ளேயே வெந்து போனார்கள். ஆக, அந்த வருடக் கணக்கில் கருவிக்காரர்கள் தடுமாறினார்கள், தாத்தா ஜெயித்தார். கினாரெஜோவில் மாடு மேய்க்கிற ஆளாக நான் இருந்திருந்தால் 2010-இல் யார் பேச்சைக் கேட்டிருப்பேன்? நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியவில்லை.

தாத்தாவுக்குத் தெரிந்த மெராப்பி ஒரு ஆயுள் நீளம். அந்த ஆயுளில் அவர் கண்டதெல்லாம் பெரும்பாலும் சின்ன வெடிப்புகள்: உச்சியில் எரிமலைக் குழம்பு கட்டியாகத் திரளும், சரியும், சில கிலோமீட்டர் ஓடி நிற்கும். அனுபவம் பொய்யில்லை. அதன் பதிவேட்டில் பக்கங்கள் குறைவு, அவ்வளவுதான்.

2010-இல் நடந்ததோ வேறு ரகம். மலை வீங்குகிறதா என்று அறிய மெராப்பியில் தூரம் அளப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். உச்சியை ஒட்டிய பாறைகளில் பிரதிபலிப்புக் கண்ணாடிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். கீழே கண்காணிப்பு நிலையத்தில் ஒரு கருவி. அதிலிருந்து கிளம்பும் ஒளிக்கதிர் மேலே போய்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். இடையில் எவ்வளவு தூரம் என்பது மில்லிமீட்டர் கணக்கில் வரும். உள்ளிருந்து குழம்பு நெட்டித் தள்ளினால் மலை வீங்கும், கண்ணாடி கருவியை நோக்கி நகரும், தூரம் குறையும். மேகம் மூடினால் அளக்க முடியாது. விலகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். செப்டம்பரில் மெல்லக் குறைந்துகொண்டிருந்த தூரம், அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்குக் குறைந்தது. ஒரு மலை, ஒரு நாளில், அரை மீட்டர்! நில அதிர்வு எண்ணிக்கையும் வாயு அளவும் முந்தைய வெடிப்புகளைத் தாண்டிப் போயின.

அக்டோபர் 25 அன்று உச்ச நிலையான நான்காம் எச்சரிக்கை, 'ஆவாஸ்'. 26 மாலை வெடித்தது. தாத்தாவைக் கீழே அழைத்துவரப் போன செய்தியாளர் ஒருவரும் செஞ்சிலுவைத் தொண்டர் ஒருவரும் அங்கேயே இறந்தார்கள். தாத்தாவின் உடல் தொழுகையில் நெற்றி தரையில் பதிந்த நிலையில் கிடந்தது.

அதோடு முடியவில்லை. அப்போது எரிமலை ஆய்வு மையத்தின் தலைவராக இருந்தவர் சுரோனோ. யாரும் இருக்கக்கூடாத விலக்கு வட்டத்தை 10 கிலோமீட்டரிலிருந்து 15-ஆகவும், பிறகு 20-ஆகவும் விரித்தார்கள். நவம்பர் 5 நள்ளிரவுக்குப் பின் வந்த பெருவெடிப்பில் சுடுமேகம் கெண்டோல் ஆற்றுப் பள்ளத்தில் 15 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அந்த வருடம் இறந்தவர்கள் சுமார் 350 பேர். முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிர் தப்பியவர்கள் 10,000 முதல் 20,000 பேர் என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள். மக்கள் சுரோனோவுக்கு வைத்த பெயர் 'ம்பா ரோனோ'. அவரும் தாத்தாதான்! ஊர் அவரை ஏற்றுக்கொண்டது பட்டத்துக்காக இல்லை. தினமும் டிவியில் வந்து, கடன் வாங்கிய வார்த்தை இல்லாமல், ஊர்க்காரர் மாதிரிப் பேசினார். சுடுமேகத்துக்கு அங்கே 'வெதுஸ் கெம்பெல்' என்று பெயர். அடர்ந்த மயிர்ச் செம்மறி. மலையிலிருந்து சுருள்சுருளாக உருண்டு வருவதைப் பார்த்தவன் வைத்த பெயர். எந்தக் கலைச்சொல்லுக்கும் இந்த வேகம் கிடையாது.

மாட்டையும் சொல்லியாக வேண்டும். முகாமுக்குப் போனவர்கள் விடியற்காலையில் திரும்பி மேலே ஏறினார்கள். சாமியைக் கும்பிட இல்லை, கறவை மாட்டுக்குப் புல் அறுக்க. கடைசியில் அரசே மாடுகளை விலைக்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. என்னைக் கேட்டால், நில அதிர்வுமானிக்கு எவ்வளவு பணம் ஒதுக்குகிறோமோ அதே கணக்கில் இதுவும் வர வேண்டும். மாட்டுக்கு வழி சொல்லாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கை.

எச்சரிக்கை பாதியில் நின்றால் என்ன ஆகும்? 2023 டிசம்பரில் சுமத்ராவின் மராப்பி (பெயர் குழப்பும், வேறு மலை) வெடித்து 24 மலையேறிகள் இறந்தார்கள். உச்சியைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் யாரும் போகக்கூடாது என்ற பரிந்துரை ஏற்கெனவே இருந்தது. மலையேற அனுமதியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே எந்த மூடநம்பிக்கைக் கிழவரும் குறுக்கே நிற்கவில்லை.

நானும் 2023-இல் யோக்யகர்த்தா போயிருந்தேன். எரிந்த வீடு ஒன்றைச் சின்ன அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மாட்டு எலும்புக்கூடு, உருகி வளைந்த சுவர்க்கடிகாரம். முள் பன்னிரண்டைத் தாண்டி ஐந்து நிமிடத்தில் நிற்கிறது. அப்போது மெராப்பி மூன்றாம் எச்சரிக்கை நிலையில் இருந்தது, 2020 நவம்பரிலிருந்தே அப்படித்தான். காசு கொடுத்து ஜீப்பில் ஏறி அந்தச் சரிவில் குலுங்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். நான் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் தலையைத் தூக்கி ஒரு தடவை மலையைப் பார்த்துக்கொண்டார்.