ஒகேனக்கல்லில் வேன் எவ்வளவு நேரம் நிற்கும்?

ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் வந்து பாருங்கள். பெங்களூரு, சென்னை, சேலம் என்று எல்லாப் பக்கமிருந்தும் டூர் வேன்கள் வரிசைகட்டி நிற்கும். இவ்வளவு கூட்டம் வந்தால் ஊரில் காசு புரளும் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். பென்னாகரம் பக்கத்துக்காரனாகச் சொல்கிறேன், அப்படி இல்லை.

பேக்கேஜில் வருபவர் பெரும்பகுதிப் பணத்தைப் புறப்படும் ஊரிலேயே கட்டிவிடுகிறார். வேன் வாடகை, டீசல், டூர் நடத்துபவரின் லாபம் எல்லாம் அதில் அடக்கம். எங்களுக்கு மிஞ்சுவது அவருடைய கைச்செலவுக் காசு. அதைச் செலவழிக்கவும் நேரம் வேண்டுமே. காலையில் அதியமான்கோட்டை காலபைரவர் கோயில், மதியம் ஒகேனக்கல், இருட்டுவதற்குள் மேட்டூர் அணை என்று ஓட்டினால் அருவியில் தலையை நனைக்கத்தான் முடியும்.

இங்கே மீன் சமைத்துத் தரும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கட்லாவோ ரோகுவோ வாங்கிக் கொடுத்தால் கழுவி, மசாலா சேர்த்து, பாதியைக் குழம்பு வைத்து, மீதியை வறுத்துத் தருவார்கள். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் மீன் பிடித்தவர், விற்றவர், மளிகைக்கடைக்காரர், சமைத்தவர் என்று நாலு வீட்டுக்குக் காசு போகிறது. ஆனால் அடுப்பு பற்றவைத்துக் குழம்பு இறங்குவதற்குள் வேன் கிளம்பிவிடும். சமையல்காரரையும் பாத்திரத்தையும் கூடவே ஏற்றிவரும் குழுக்கள் வேறு. அவர்கள் விட்டுப்போவது எச்சில் தட்டுகளைத்தான்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இன்னொன்று. ஆயிரக்கணக்கில் பேக்கேஜ் கட்டும்போது வாய் திறக்காதவர்கள், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளியிடம் 50 ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறார்கள். காவிரியில் வெள்ளம் வந்து பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டால், அத்தனை நாளும் அவருக்கு வருமானமே கிடையாது.

பேக்கேஜே கூடாது என்று சொல்லவில்லை. பூட்டானில் 2022 வரை, இந்தியர் போன்ற சில நாட்டவர் தவிர மற்ற வெளிநாட்டுப் பயணிகள் நாளொன்றுக்கு 200, 250 டாலர் என்ற குறைந்தபட்சக் கட்டணத்தில் பேக்கேஜாகத்தான் போக வேண்டியிருந்தது. அறை, சாப்பாடு, வழிகாட்டி, வண்டி எல்லாமே அதில் சேர்த்தி. உள்ளூர்க்காரருக்குப் பங்கு கிடைக்கும்படி பேக்கேஜைப் போட முடியும்.

டூர் நடத்துபவர்களே, மதியச் சாப்பாட்டைப் பேக்கேஜிலிருந்து எடுத்துவிட்டு ஒகேனக்கல்லில் நாலு மணி நேரம் விடுங்கள். பயணிகளும் பணம் கட்டும் முன்பே, அங்கே எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று கேளுங்கள். சரி, நேரம் கிடைத்துவிட்டதா? இறங்கியதும் முதல் வேலையாக மீனை வாங்கிச் சமைக்கக் கொடுங்கள். அப்புறம் பரிசல், குளியல் எல்லாம் முடித்துத் திரும்பும்போது குழம்பு தயாராக இருக்கும்.