‘ரிப்போர்ட் நார்மல் என்றால் நடிப்பு’: இந்த ஃபார்வேர்டு தவறு

பெங்களூரு தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘ஈசிஜி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்றால் வலி வெறும் நடிப்பு. மனநல டாக்டரிடம் போனால் ஆயுசுக்கும் தூக்க மாத்திரைதான்.’ இரண்டுமே தவறு.

வலி நிஜம். மனம் பதறும்போது அட்ரினலின் சுரந்து இதயம் படபடக்கிறது. மூச்சு வேகமாகி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால்தான் விரல் நுனி மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது, நெஞ்சு இறுகுகிறது. இதையெல்லாம் யாரும் வேண்டுமென்றே வரவழைப்பதில்லை. ஈசிஜி இதயத்தின் மின்துடிப்பைக் காட்டும், பதற்றத்தை அளக்காது. ‘வேலைக்குப் பயந்து மருமகள் படுத்துக்கொள்கிறாள்’ என்று பேசும் வீடுகளில் இந்தச் செய்தி செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல.

இந்தப் பதற்றத்துக்குச் சிகிச்சை உண்டு. சிபிடி எனப்படும் பேச்சு சிகிச்சை, அப்புறம் படிப்படியான உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான மருந்து. அந்த மருந்து தூக்க மாத்திரை அல்ல. பலருக்கு டாக்டர் மேற்பார்வையில் மெல்லக் குறைத்து நிறுத்திவிடலாம்.

ஆனால் ஒன்று: புதிதாக நெஞ்சுவலியோ ஒரு பக்கக் கை கால் பலவீனமோ வந்தால், ‘டென்ஷன்தான்’ என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரிபார்க்க ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த எண்ணைப் போடுங்கள்.