கிளட்ச் வேண்டாம் என்பது சரியல்ல

கால் ஊன்றாமல் பாறைகளையும் மேடுகளையும் கடக்கும் ட்ரையல்ஸ் போட்டிக்கான மின்சார பைக்குக்குக் கிளட்ச் தேவையே இல்லை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சமதளத்துக்கு அது பொருந்தும். ஆனால் இடுப்பு உயரப் பாறைக்கு முன்னால் ஓட அரை மீட்டர்கூட இடம் இல்லாமல் நிற்கும்போது? கிளட்சைப் பிடித்துச் சுழற்சியை ஏற்றி, படக்கென்று விட்டால்தான் ஃப்ளைவீல் என்னும் கனமான சுழல் சக்கரத்தில் சேர்ந்த ஆற்றல் வண்டியை மேலே தூக்கும். யமஹா 2018-இல் உலகக் கோப்பைப் போட்டியில் இறக்கிய டிஒய்-ஈ மின்சார வண்டியிலேயே கிளட்ச் இருந்தது. பிரான்ஸின் எலக்ட்ரிக் மோஷன் நிறுவனமும் தன் சில வண்டிகளில் கிளட்ச் வைக்கிறது.

மற்றபடி நீங்கள் சொன்ன அந்த அமைதி உண்மைதான். எஞ்சின் சத்தம் இல்லாததால், ஈரப் பாறையில் டயர் வழுக்கத் தொடங்கும் அந்தச் சின்ன உரசல் காதில் விழுகிறது. கால் ஊன்றாமல் தப்பிக்க அது எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் கிளட்ச் உள்ள வண்டியையே எடுங்கள்.