'ன்'னில் முடிந்தால் என்ன குறைந்துபோகும்?

பிறந்த பெடியனுக்கு மாறன் என்று பெயர் வைத்ததாக ஒரு தாயும் தகப்பனும் பதிவு போட, கீழே எல்லாருமாக வந்து அவர்கள் இருவரையும் போட்டு வறுத்தெடுத்ததைப் பார்த்திருப்பீர்கள்தானே. பேசாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் "ன்னில முடியிற பேரெல்லாம் தாத்தா காலத்துச் சாமான், கொழும்பில வளரப்போற பெடியனுக்கு ஷ், த் எண்டு ஸ்டைலா முடியவேணும், மரிஷ் எண்டு மாத்துங்கோ" என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொல்ல, அதுக்கு அத்தனை பேர் இதயம் போட்டிருக்கிறீர்கள். என் நண்பர்களும் அதில் இருக்கிறார்கள். நன்றி.

பெயர் எந்த ஓசையில் முடிகிறது என்று பார்ப்பது நல்ல விஷயம், அதில் எனக்குச் சண்டை இல்லை. நட்சத்திரப் பாதம் தருவது முதலெழுத்தை மட்டும்தான். அசுவினி என்றால் சு, சே, சோ, லா. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு ங வரும். ங-வில் பெயர் தேடிக் களைத்தவர்களுக்குப் பக்கத்துப் பாதத்து எழுத்தை ஐயரே தந்து அனுப்பிவிடுவார். முடிவெழுத்தை யாரும் தருவதில்லை, அது பெற்றவர்களின் தெரிவு. நல்லதைத் தெரிவுசெய்ய ஒரே வழி, கூப்பிட்டுப் பார்ப்பது.

மாறன், மாறா. கபிலன், கபிலா. ன் கழன்றுவிடும், அ நீண்டு ஆ ஆகும். வாய் திறந்தபடியே நிற்கும், மூச்சு இருக்கும்வரை இழுக்கலாம். மூன்றாம் மாடியிலிருந்து கூப்பிட்டால் கீழே பந்தடிக்கிற பெடியனுக்குக் கேட்கும். இப்போது மரிஷ் என்று கூப்பிட்டு அந்த 'ஷ்'ஷை இழுத்துப் பாருங்கள். காற்றுத்தான் வரும், குரல் வராது. 'த்', 'க்' இன்னும் மோசம், மூச்சே அடைபட்டுவிடும்.

நன்னூல் சொல்லுக்கு ஈற்றெழுத்து 24 என்கிறது. உயிர் 12, மெய் 11, குற்றியலுகரம் 1. அந்த 11 மெய்யில் க், ச், ட், த், ப், ற் ஒன்றுகூட இல்லை. 'இலக்கணம் பேசாதேங்கோ' என்று ஓடிவராதீர்கள், உங்கள் வீட்டு அம்மம்மா நன்னூல் படித்தவரா? அவர் ஏன் கார்த்திக்கைக் 'கார்த்திக்கு' என்கிறார்? நாக்கு ஒரு உகரத்தைத் தேடுகிறது. பிறகு வேற்றுமை உருபு வரும்போது 'கார்த்திக்குக்குச் சோறு போடு' என்று விக்கல் எடுத்த மாதிரி ஆகிறது. கபிலனை, கபிலனுக்கு, கபிலனோட என்பதில் அந்தப் பிரச்சினையே இல்லை.

வெள்ளவத்தையில் ஒரு வீடு. காசு கொடுத்து எண் பார்த்து, 'த்'தில் முடிகிற பெயர் வாங்கினார்கள். அப்பம்மாவுக்கு அது வாயில் வரவில்லை, அவர் 'தம்பி' என்கிறார். தகப்பன் 'டேய்'. தாய் 'கண்ணா'. கவனித்தீர்களா, கண்ணா! சுற்றிச் சுற்றி ன்னில் முடிகிற பெயரிடம்தான் வந்து நிற்கிறா. வாங்கிய பெயர் பிறப்புச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது.

எண் என்றதும், மரிஷ் என்று மாற்றச் சொன்ன அந்தப் பெரியவர் இருக்கிறாரே, அந்த மரிஷ் ஐயாவின் கணக்கையும் பார்ப்போம். பெயரின் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டுக் கூட்டினால் மாறன் 13, அந்த 1ஐயும் 3ஐயும் கூட்டினால் 4, அது கூடாதாம். சரி, அவருடைய அட்டவணையிலேயே வருகிறேன். எம் 4, ஏ 1, ஆர் 2, ஏ 1, என் 5, ஆமாம் 13. இன்னொரு ஏ போட்டு 'மா'வை நீட்டினால் 14, அதாவது 5. எண் பார்ப்பவர்கள் தவம் கிடக்கிற எண். ன்னில் கை வைக்கவே தேவையில்லை! இவர் தந்த மரிஷ் என்ன? எம் 4, ஏ 1, ஆர் 2, ஐ 1, எஸ் 3, எச் 5. மொத்தம் 16. இடிந்து விழும் கோபுரம் என்று எண் சாத்திரக்காரர்களே பயப்படுகிற எண். வாழ்க.

'அப்ப எல்லாரும் ன்னில்தான் வைக்கவேணுமா?' இல்லை. எழில், கதிர், சஞ்சய் எல்லாம் வாய்க்குச் சுகமான பெயர்கள்தான். லிங்கம், ரத்தினம் பழசு என்றால் ஒத்துக்கொள்கிறேன். சிங்கள நண்பர்கள் வாயில் கடைசி ன் 'ங்' மாதிரி விழும், மாறன் 'மாறங்' ஆவான், அதுவும் உண்மை. 'என் பிள்ளை, என் விருப்பம்' என்பவர்களுக்கு, அந்த விருப்பம் மாறனின் தாய்க்குக் கிடையாதா?

இன்னொன்று. எங்களில் அநேகருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர்தான் முன்னால் வரும். இன்று வைக்கிற முடிவெழுத்து நாளைக்குப் பேரப்பிள்ளையின் முதலெழுத்தோடு முட்டும். 'கணேஷ் சஞ்சனா' என்று வேகமாகச் சொல்லுங்கள், ஷ் அடுத்து வரும் 'ச'வை விழுங்கிவிடும். 'மாறன் சஞ்சனா' தெளிவாகப் பிரிந்து நிற்கும். 'மாறன் நவீனா' ஒட்டிக்கொள்ளும், அதை மறைக்கவில்லை.

கீழே ஒருவர் எழுதியிருந்தார், "ன் எண்டால் உடனே தமிழன் எண்டு தெரிஞ்சிடும்." என்னைக் குத்தியது இதுதான். சிங்களத்தில் வசந்த, சஞ்சீவ, ரவீந்திர, நிஷாந்த. எங்களிடம் வசந்தன், சஞ்சீவன், ரவீந்திரன், நிஷாந்தன். வேர் ஒன்று, வித்தியாசம் கடைசி ஒற்று. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தவனுக்கு அந்த ஒற்றுப் போதுமாக இருந்தது. அந்தக் காலத்தில் பயத்தில் ன்னை விட்டவர்களை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். பிள்ளை பத்திரமாக வீட்டுக்கு வரவேணும் என்று நினைத்தார்கள். யுத்தம் 2009இல் முடிந்தது. இன்றைக்கு, பயமும் இல்லாமல், வெறும் ஸ்டைலுக்காக அதே ன்னைக் கழற்றிவிட்டு, வைத்திருப்பவனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். தெரிந்தால் தெரியட்டுமே! தெரியக்கூடாது என்று இவ்வளவு பாடுபடுகிற அளவுக்கு அது என்ன நோயா?

அந்தப் பிள்ளையின் தகப்பன் இப்போது "வேற பேர் பார்ப்பமா" என்று கேட்கிறாராம். தம்பி, பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கிறது, அவசரப்படவேண்டாம். 13 என்ற பயம் இருந்தால் ஆங்கிலத்தில் 'மா'வை நீட்டுகிற அந்த இன்னொரு ஏயைப் போடும். ஒருமுறை எப்படி எழுதுகிறீரோ பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அதே எழுத்தாக இருக்கட்டும். மரிஷ் ஐயாவுக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்காதேயும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.