எட்டு மணி நேரம் யார் உட்காருவாங்க?

தங்கச்சி பையன் பெங்களூர்ல ஐடி. போன வாரம் ராத்திரி 11 மணிக்கு ஒரு வீடியோ அனுப்பி, "மாமா, மிலிட்டரி தாத்தாவுக்கு இதக் குடுத்துப் பாக்கலாமா? கொடைக்கானல்ல கெடைக்குதாம்"னு கேட்டான். போதைக் காளான். கணியம்பாடி பக்கம் இருபது வருஷமா மெடிக்கல் வச்சிருக்கிறவன்கிட்ட கேக்கிற கேள்வியப் பாருங்க!

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனா அவன் கேட்டதுல பாதி நியாயம் இருக்கு.

எங்க பக்கம் பட்டாளத்துக்குப் போறது புதுசில்ல. கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னே சொல்வாங்க. அவன் சொல்ற மிலிட்டரி தாத்தா, என் சித்தப்பா, 1988-ல அமைதிப்படையோட யாழ்ப்பாணம் போனவர். திரும்பி வந்ததுலேர்ந்து தீபாவளிக்கு வீட்ல இருந்ததே இல்ல. டார்ச்சும் போர்வையும் எடுத்துக்கினு மோட்டார் கொட்டாய்க்குப் போயிடுவார். மத்த நாள்ல ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து தாழ்ப்பாள மூணு வாட்டி இழுத்துப் பாப்பார். தாயத்து கட்டியாச்சு, கோழி சுத்திப் போட்டாச்சு. ஒரு டாக்டர்கிட்ட கூட்டிப் போனோம், நாங்க உட்கார்றதுக்குள்ள சீட்டு எழுதி முடிச்சிட்டார். மிச்சத்துக்குக் கேன்டீன் ரம்.

இவர மாதிரி பழைய அதிர்ச்சி விடாம துரத்துறவங்கள வச்சுத்தான் அமெரிக்காவுல எம்டிஎம்ஏ சோதனை பண்ணாங்க. அது காளான் இல்ல, வேற ஒரு போதை மருந்து. அந்த அதிர்ச்சி நோய்க்குப் பேரு பிடிஎஸ்டி. 2021-ல வந்த முடிவுல, மருந்தோட பேச்சு சிகிச்சையும் எடுத்தவங்கள்ல 67 சதவீதம் பேர் பிடிஎஸ்டி கணக்குலேர்ந்தே வெளிய வந்துட்டாங்க. வீடியோக்காரங்க இத மட்டும் சொல்வாங்க. டம்மி மாத்திரையோட அதே சிகிச்சை எடுத்தவங்கள்லயும் 32 சதவீதம் பேர் வெளிய வந்தாங்களே! மாத்திரை போட்ட நாள்ல ரெண்டு தெரபிஸ்ட் எட்டு மணி நேரம் பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்க. அப்படி மூணு தடவ. முன்னாடியும் பின்னாடியும் தனியா பேச்சு வேற. டம்மிக்காரங்களுக்கும் அதேதான்.

2024 ஆகஸ்ட்ல, மருந்துக்கு அனுமதி குடுக்கிற அமெரிக்க அமைப்பு எஃப்டிஏ, இதுக்கு அனுமதி தரல. யாருக்கு மருந்து, யாருக்கு டம்மின்னு எடுத்தவங்களுக்கே தெரிஞ்சுபோகுதேன்னு ஒரு பெரிய சந்தேகம். முந்தின ஒரு சோதனையில தெரபிஸ்டே நோயாளிகிட்ட தப்பா நடந்துக்கிட்டதும் வெளிய வந்திருந்துச்சு. ஆஸ்திரேலியாவுல 2023 ஜூலைலேர்ந்து அனுமதி வாங்கின மனநல டாக்டர் மட்டும் எழுதலாம். நம்ம நாட்ல 1985 போதைப்பொருள் சட்டம், கையில வச்சிருந்தாலே உள்ள.

சட்டத்த விடுங்க. சித்தப்பா பிபிக்கு அம்லோடிபின் போடறார், மனசுக்கு எஸ்சிட்டாலோபிராம். எம்டிஎம்ஏ பிபிய ஏத்தும். எஸ்சிட்டாலோபிராம் அந்த மருந்தோட வேலையவே மழுக்கிடும். காளான் பொட்டலம் கட்றவன், என்ன மருந்து போடறீங்கன்னு இதெல்லாம் விசாரிச்சிட்டா குடுப்பான்?

அதுக்காக இங்க ஆராய்ச்சியே வேணாம்னு நான் சொல்லல. கண்டிப்பா வேணும், ஆஸ்பத்திரிக்குள்ள. பாகாயம் சிஎம்சி மனநல மையத்துல நோயாளியோட வீட்டுக்காரங்களும் தங்கி இருக்கிறத எத்தனையோ வருஷமா பாக்கறோம். கூட இருக்கிறதும் ஒரு வைத்தியம்னு இந்த ஊருக்குத் தெரியும். மாத்திரை வர்றப்ப வரட்டும், தமிழ்ல எட்டு மணி நேரம் காது குடுக்க முதல்ல ஆள் தயார் பண்ணுங்க. சித்தப்பாவுக்கு அங்க காதுல விழுந்ததெல்லாம் தமிழ். அத இந்தியிலயும் இங்கிலீஷ்லயும் அவர் எப்படிச் சொல்வார்?

போன தீபாவளிக்கு நானும் கொட்டாய்க்குப் போனேன். ஊர்ப்பக்கம் சரவெடி ஆரம்பிச்சதும் எழுந்துபோய் மோட்டாரப் போட்டுவிட்டார், அந்தச் சத்தத்துல இது அமுங்கட்டும்னு. நெல்லுக்குத் தண்ணி பாய்ஞ்சு வரப்ப தாண்டியும் நிறுத்தல. விடியற நேரத்துல, என்னப் பாக்காமலே, "அங்கியும் வூட்டுக்கு வூடு கெணறுதான்டா"ன்னார். அந்த ஊரப் பத்தி அவர் வாயிலேர்ந்து நான் கேட்டது அது ஒன்னுதான்.