உள் கிராபிக்ஸ் ப்ராசஸரை ரேமோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்

குறைந்த விலையில் வரும், கிராபிக்ஸும் உள்ளேயே அமைந்த டெஸ்க்டாப் ப்ராசஸர்களைப் பற்றிய மதிப்பீடுகளை விடாமல் படித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை தவறான பொருளை அளக்கின்றன என்பது என் கருத்து. தனியாக வாங்கிச் செருகும் கிராபிக்ஸ் கார்டுக்குத் தனக்கென்று நினைவகம் உண்டு. உள் கிராபிக்ஸுக்கு அது கிடையாது. மதர்போர்டில் இருக்கும் ரேமில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அந்த ரேமின் வேகத்திலேயே, அதுவும் ப்ராசஸரின் கோர்களோடு பங்குபோட்டுக்கொண்டு, அது வேலை செய்தாக வேண்டும். ஆகவே, ப்ராசஸரின் பெயரைப் போட்டு வெளியிடப்படும் கேம் ஃப்ரேம் கணக்கில் (திரையில் நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு) ரேமுக்கும் பெரிய பங்கு உண்டு.

டிடிஆர்4-3200 ரேம் ஒன்றை மட்டும் செருகினால், நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவு போய்வர முடியும். அதே வகையில் இரண்டைச் சரியான ஸ்லாட்டுகளில் செருகி டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதைகளிலும் ஒரே நேரத்தில், ஓட்டினால் இது 51.2 ஜிபி ஆகும். ஒப்பிட்டுப் பார்க்க, கிராபிக்ஸ் கார்டுகளுக்கென்றே உருவான ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்த ஜிடிஎக்ஸ் 1650 என்ற எளிய கார்டுக்கே நொடிக்கு 128 ஜிபி தனியாகக் கிடைக்கிறது. மதிப்பீடு எழுதுபவர்களில் பெரும்பாலோர் வேகமான இரண்டு ரேம்களைப் போட்டுத்தான் சோதிக்கிறார்கள். ஆனால், பட்ஜெட் போதாமல் இந்த வகை ப்ராசஸரைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர், "இன்னொன்றைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்ற சமாதானத்தோடு ஒரே ஒரு 8 ஜிபி ரேமைப் போட்டு ஓட்டுகிறார்கள். அவர்கள் வாங்கியது மதிப்பீட்டில் பார்த்த அதே ப்ராசஸர்தான். அதன் கிராபிக்ஸுக்குப் போகும் பாதை மட்டும் பாதி அகலம்.

நினைவகம் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்துமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு என்விடியாவின் ஜிடி 1030 நல்ல சான்று. 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு நொடிக்கு 48 ஜிபி வேகத்தில் வந்த அந்தக் கார்டு, அடுத்த ஆண்டு சாதாரண டிடிஆர்4 நினைவகத்தோடு, நொடிக்கு 16.8 ஜிபியோடு, அதே பெயரிலேயே விற்பனைக்கு வந்தது. சிப்பின் கடிகார வேகத்தையும் சற்றுக் குறைத்திருந்தார்கள் என்றாலும், பல கேம்களில் ஃப்ரேம் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாக விழுந்ததற்கு முதன்மைக் காரணம் நினைவகமே. பெயரை மாற்றாமல் விற்றதை அன்றைக்கே பலரும் கண்டித்தார்கள். ஒற்றை ரேமோடு உள் கிராபிக்ஸை ஓட்டுபவர் ஏறத்தாழ இதே நிலையில்தான் இருக்கிறார். அவருக்காகக் கண்டிக்கத்தான் யாருமில்லை.

அதனால், உள் கிராபிக்ஸை நம்பி ஓடும் கம்ப்யூட்டர் எதுவானாலும், பெஞ்ச்மார்க் சோதனையைத் தொடுவதற்கு முன்பே, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய்ப் பார்ப்பது என் வழக்கம். பெட்டியின் மேல் 3200 என்றோ 3600 என்றோ அச்சிட்டிருக்கும் ரேம்களில் பல, அச்சிட்ட வேகத்தில் ரேமை ஓட்டும் எக்ஸ்எம்பி வசதியை இயக்கும்வரை 2133இலோ 2400இலோ அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து, கிராபிக்ஸுக்கென்று எவ்வளவு ரேம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 8 ஜிபியில் 2 ஜிபியை ஒதுக்கிவிட்டால் விண்டோஸுக்கும் பிரௌசருக்கும் கேமுக்கும் சேர்த்து எஞ்சுவது 6 ஜிபிதான். அந்த நிலையில் சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை கௌரவமாகவே தெரியும். ஆனால் புதிய காட்சி திறக்கும்போதெல்லாம் திரை ஒரு கணம் உறைந்து நகரும். சராசரியை மட்டும் வெளியிட்டு, மிக மோசமான 1 சதவீத ஃப்ரேம்களைப் பற்றி வாய் திறக்காத மதிப்பீட்டை நான் பொருட்படுத்துவதில்லை. கம்ப்யூட்டரின் பாகங்களைப் பட்டியலிடும் சிபியு-இசட் மென்பொருளில் சேனல்களைச் சரிபார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: டிடிஆர்5 ரேம் ஒவ்வொன்றும் உள்ளே இரண்டு 32 பிட் பாதைகளாகப் பிரிந்திருப்பதால், ஒற்றை ரேம் போட்டிருந்தாலே அங்கே இரண்டு என்று காட்டக்கூடும், நான்கு என்று காட்டினால்தான் நாம் எதிர்பார்க்கும் டூயல் சேனல்.

மாடல் எண்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஏஎம்டியின் ரைசன் 5 வரிசையில் 8500ஜி, 8600ஜி இரண்டுமே ஆறு கோர்கள் கொண்டவை. எண்ணில் நூறுதான் வித்தியாசம். ஆனால் முன்னதில் இருப்பது நான்கு கிராபிக்ஸ் யூனிட்டுகள் கொண்ட ரேடியான் 740எம். பின்னதில் எட்டு யூனிட்டுகள் கொண்ட 760எம். பின்னாளில் தனிக் கார்டு வாங்கிப் போட்டால், 8500ஜியில் அந்தக் கார்டுக்குக் கிடைப்பது நான்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்கள் (கார்டையும் ப்ராசஸரையும் இணைக்கும் தரவுப் பாதைகள்) மட்டுமே. "இப்போதைக்கு உள் கிராபிக்ஸ், பிறகு கார்டு" என்று திட்டமிடுபவர் கட்டாயம் பார்க்க வேண்டிய வரி இது. விவரப் பட்டியலின் அடியில்தான் கிடக்கும். ரைசன் 5 5600ஜியிலும் இதுபோன்ற ஒரு விட்டுக்கொடுப்பு உண்டு: ஜி இல்லாத 5600இல் 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இருக்க, இதில் 16 எம்பிதான், பிசிஐ எக்ஸ்பிரஸும் 3.0 தலைமுறையோடு நின்றுவிடுகிறது.

கேமே ஆடாதவர்களுக்குக் கணக்கு வேறு. அலுவலக வேலைக்கும் வீடியோ பார்ப்பதற்கும் ஃப்ரேம் எண்ணிக்கையைவிட முக்கியமானது, எந்த வீடியோ வகைகளை அந்தச் சிப் வன்பொருளிலேயே விரிக்கும் (டிகோட் செய்யும்) என்பது. இன்டெல் கோர் ஐ3-12100இன் யூஎச்டி 730 கேமில் சுமார்தான். ஆனால் ஏவி1 என்ற வகை வீடியோவை வன்பொருளிலேயே விரித்துவிடும். கேமில் அதை எளிதாக முந்தும் 5600ஜியின் வேகா கிராபிக்ஸுக்கு அந்த வசதி இல்லை. கோர்கள்தான் உழைத்தாக வேண்டும். ஐ3-12100எஃப் என்று எஃப் சேர்ந்திருந்தால் கிராபிக்ஸே இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாம் கையில் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களோடு, வேகத்தைப் பொறுத்தவரை எனக்குச் சண்டை இல்லை. மின்செலவும், உத்தரவாதம் இல்லாத கார்டின் ஆயுளும் அவரவர் துணிச்சலைப் பொறுத்தவை. ஆனால் அதே மூச்சில், 2018இல் வந்த ரைசன் 3 2200ஜியை இன்னமும் "விலைக்கு ஏற்ற சிப்" என்று பரிந்துரைப்பதை ஏற்க முடியவில்லை. விண்டோஸ் 11 ஆதரிக்கும் ப்ராசஸர்களின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அது இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டுக்கொள்ளும் எண்ணம் இருந்து, இரண்டு ரேம்களும் சேர்ந்து கிடைப்பதாக இருந்தால் வாங்கலாம்.