யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரும் மீன்தொட்டித் தாவரங்களும்

'யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் நீர்த்தாவரம் வளராது. முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) இட்டால் தண்ணீர் மென்மையாகிவிடும்' என்று ஒருவர் எழுதியிருப்பதன் இரு பகுதிகளுமே பிழையானவை. குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல் என்பதால் நம் கிணற்று நீர் பெரும்பாலும் வன்மையானது, அதாவது கல்சியம் போன்றவற்றின் உப்புகள் மிகுதியாகக் கரைந்தது என்பது உண்மை. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படலமே அதற்குச் சாட்சி. ஆயினும் நாடாபோன்ற இலைகளுடைய வலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரம் அந்நீரில் கரைந்துள்ள இருகாபனேற்று உப்பிலிருந்தே தனக்கு வேண்டிய காபனைப் பெறக்கூடியது என்பதால், காபனீரொட்சைட்டு உருளை எதுவும் பூட்டாத என் தொட்டியிலும் அதன் ஓடுதண்டுகள் மணலுக்குள் ஊர்ந்து வரிசையாகக் கன்றுகளை எழுப்பியிருக்கின்றன. இலங்கையையே தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் என்னும் நீர்த்தாவர வகைகள் சிலவற்றையும் தாராளமாக நடலாம். இடம் மாற்றியதும் அவற்றின் இலைகள் கரைந்துபோனால் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேர் நன்றாக இருந்தால் மீண்டும் துளிர்க்கும். முருகைக்கல்லோ பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. அது மெல்லக் கரைந்து வன்மையைக் கூட்டுமே தவிர ஒருபோதும் குறைக்காது. ஐயமிருந்தால் கல்லின் மீது சில துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதைத் தொட்டிக்குள் வைக்க வேண்டாம். வன்மையைக் குறைக்க விரும்புவோர், மாரியில் கூரை நன்கு கழுவப்பட்ட பின் பிடித்த மழைநீரைச் சிறிது சிறிதாகக் கலந்துவரலாம்.